ஏர் ஃபில்டர் மேல் ஒரு கல்யாணப் படம்

லாரி ஷெட்டின் ஸ்டோரில் போய் எதைக் கேட்டாலும், அங்கே உட்கார்ந்திருப்பவள் முதலில் "எதுக்கு?" என்றுதான் கேட்பாள். பல்பு கேட்டால் எதுக்கு, ஃபேன் பெல்ட் கேட்டால் எதுக்கு. டிரைவர்கள் நேரில் அவளை ஸ்டோரம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும், அதற்காக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. நாற்பது வயதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்க விடாதவள். "மாப்பிள்ளை பார்த்தாக்கூட எதுக்குன்னு கேப்பியாடி?" என்று அக்கா அலுத்துக்கொண்டபோது, "கேப்பேனே, கேக்காம வாங்குற பொருளா அது?" என்றாள்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அதுவும் தும்மலை.

தும்மல் என்பது பட்டப்பெயர்தான். தூசி என்று வாயால் சொன்னாலே மூக்கு அரிக்கிற ஆள். அவன் வண்டி ஷெட்டுக்குள் வருமுன் அவன் தும்மல் வந்துவிடும். ஒருநாள் ஸ்டோருக்கு வந்து மூக்கை மூட மாஸ்க் வேண்டும் என்றான். "எதுக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வழிய நின்றான். ஸ்டோரம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அந்த ஷெட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அங்கே ஆரம்பித்தது கல்யாணத்தில் போய் முடிந்தது.

முடிந்தது என்று சொல்வதும் தப்பு. அவனுக்குத் தூரத்து லைன். வாரம் முழுக்க அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்குவான். இரண்டு தட்டு வாங்கி வைத்திருந்தாள், ஒன்று புதுசாகவே இருந்தது. இவ்வளவு காலம் தனியாகச் சாப்பிட்டபோது வராத அலுப்பு இப்போது வந்ததுதான் அவளுக்கே வேடிக்கை.

அப்போதுதான் முதலாளியம்மா ஒரு சேதி சொன்னார். பக்கத்து லைன் ஒன்று புதிதாகக் கிடைத்திருக்கிறது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு. "எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி லோடு. இந்த மாசம் எவன் வண்டி டீசலைக் கம்மியாக் குடிக்குதோ, அவனுக்குத்தான் அந்த லைன். என்கிட்ட சிபாரிசு எதுவும் எடுபடாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பார்வை ஸ்டோர் பக்கம் போனது. ஸ்டோரம்மா ஒன்றும் நடக்காததுபோல மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் கூட்டம். எல்லாருக்கும் புது ஏர் ஃபில்டர் வேண்டுமாம். இன்ஜின் மூச்சு விட்டால்தானே டீசல் ஒழுங்காக எரியும்? அது சரிதான். ஆனால் முந்தின வாரம் வந்த ஒரு விற்பனைக்காரன் எல்லார் காதிலும் வேதம் ஓதிவிட்டுப் போயிருந்தான். அவன் விட்டுச் சென்ற சிவப்பு நிறத் துணி ஃபில்டர் ஒன்று மேஜையில் பளபளவென்று கிடந்தது.

"கழுவிக் கழுவிப் போடலாமாம் ஸ்டோரம்மா. வண்டி டீசலை மோந்துதான் பாக்குமாம்" என்றான் ஒரு டிரைவர்.

"மோந்து பாத்தா வண்டி எப்படிப்பா ஓடும்?" ஸ்டோரம்மா டார்ச்சை எடுத்துத் துணி ஃபில்டருக்குள் விட்டு எரியவிட்டாள். பின்னலுக்கு நடுவே வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "காத்து தாராளமாப் போகும், வாஸ்தவம். கூடவே தூசியும் போகும். நம்ம ரோட்டுக்கு இது ஆகாது." விலை மலிவான ஒன்றை எடுத்து விரித்தாள். மடிப்புகள் கொஞ்சம்தான், காகிதமும் மெலிசு. "இது நாலு நாள்ல அடைச்சுக்கும். அடைச்சா இன்ஜின் மூச்சு முட்டி டீசலைக் குடிக்கும்." மூன்றாவதாக இன்ஜினுக்கென்று அளந்து செய்த சாதாரணக் காகித ஃபில்டரை வைத்தாள். மடிப்பு நெருக்கம், ஓரத்து ரப்பர் கெட்டி. "எல்லாருக்கும் இதுதான். என் வீட்டுக்காரருக்கும் இதுதான். ஃபில்டர் பெட்டி மேல ஒரு சின்னக் கண்ணாடி இருக்குல்ல, அடைச்சா அதுல சிவப்பு காட்டும், அப்ப மாத்துங்க. வர்ற வரைக்கும் கையே வைக்காதீங்க. லேசா அழுக்கு படிஞ்ச ஃபில்டர்தான் தூசியை நல்லாப் பிடிக்கும்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கடைசியில் தும்மல் மட்டும் நின்றான். அவன் கண் சிவப்பு ஃபில்டர் மேலேயே இருந்தது.

"கழுவலாமாமே..." என்றான் ஏக்கமாக.

"டிரைவரே, நகருங்க."

ஷெட்டுக்குள் அவன் அவளுக்கு டிரைவர்தான். வீட்டு வாசற்படியைத் தாண்டினால்தான் "ஏங்க".

முதல் வாரம் முடிந்து முதலாளியம்மா கணக்குப் பார்த்தார். தும்மலின் வண்டி கடைசி. குடிகாரன் மாதிரி குடித்திருந்தது. ஸ்டோரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே ஃபில்டர், அதே லோடு, ஓட்டுவதிலும் அவன் பொறுமைசாலி. விடை அன்று மத்தியானமே ஜன்னல் வழியாகக் கிடைத்தது.

தும்மல் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை உருவி, டயரில் நாலு சாத்து சாத்தினான். பிரேக்குக்காக வண்டியில் இருக்கும் காற்றுத் தொட்டியில் ஒரு குழாயை மாட்டிப் புஸ் புஸ் என்று ஊதினான். தொட்டியில் காற்று நிறைய வேண்டுமே, அதற்காகத்தான் இன்ஜின் நின்ற இடத்திலேயே டீசலைக் குடித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் அவன் கையில். இன்ஜினோ திறந்த வாயோடு ஷெட்டின் புழுதியை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நடுநடுவே அவன் தும்மினான். முகத்தில் அப்படியொரு திருப்தி, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்ட தாய்போல.

ஸ்டோரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

"அணைங்க! முதல்ல இன்ஜினை அணைங்க! என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன்மா. நிறுத்துற இடத்துல எல்லாம் பண்ணிடுவேன். பாவம், அதுக்கும் என்னை மாதிரி மூக்கு அடைக்கும்ல?"

"எதுக்கு? யாரு உங்களைக் கேட்டா? உங்க மாஸ்க்கைக் கழட்டிட்டு மாவு மில்லுல போய் மூச்சு விடுவீங்களா? அதைத்தான் இந்த இன்ஜினுக்குப் பண்றீங்க!"

அவனை இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். கதவைச் சாத்தி, அவன் ஊதிய ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டாள். இருட்டில் காகிதம் முழுக்கப் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள்.

"அழகா இருக்கே" என்றான் தும்மல்.

"அழகுதான். ஒவ்வொண்ணும் நீங்க ஊதி ஊதிப் போட்ட ஓட்டை."

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஷெட்டுக்கே பாடம் சொன்னவளின் வீட்டுக்காரன்தான் ஷெட்டிலேயே மோசமாக ஃபில்டரைக் கெடுத்திருந்தான். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

"இனிமே பண்ண மாட்டேன்மா. ஆனா என் கை சும்மா இருக்காது. அதான் பயமா இருக்கு" என்றான் அவன், உண்மையாகவே பயந்துபோய்.

ஷெட் மெக்கானிக் இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றித் துடைத்து, புது ஃபில்டரைப் போட்டு மூடினான். ஸ்டோரம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். அவர்களுடைய கல்யாணப் படம். பிரிண்ட் போட்டது அது ஒன்றுதான். அதில் அவள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். அவன் கண்ணை இறுக்கி மூடி, தும்மலுக்கு நடுவில் இருக்கிறான். ஆபீஸ் பசையைத் தாராளமாகத் தடவி, பெட்டியின் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே அந்தப் படத்தை ஒட்டினாள்.

"திறக்கணும்னு தோணிச்சுன்னா என் மூஞ்சியைக் கிழிச்சுட்டுத் திறங்க."

ஷெட்டே சிரித்தது. "மாப்ள, வீட்டம்மா வண்டியிலயும் ஏறிட்டாங்களா?" என்று கேட்காத டிரைவர் இல்லை. தும்மல் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பழக்கதோஷத்தில் கை பெட்டிக்குப் போகும். படத்தைப் பார்த்ததும் திரும்பி வரும். வேறு வேலை இல்லாததால் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. வாராவாரம் கணக்கில் அவன் வண்டி மேலே ஏறிக்கொண்டே வந்தது.

கடைசி வாரம், திரும்பி வருகிற வழியில் தும்மல் ஸ்டோருக்குப் போன் செய்தான்.

"சிவப்பு வந்துடுச்சு" என்றான். "புழுதிக் காத்துல மாட்டிக்கிட்டேன்."

"வந்தா மாத்த வேண்டியதுதானே? சீட்டுக்குப் பின்னால புதுசு வச்சிருக்கேன்."

ஒரு தும்மல் மட்டும் கேட்டது.

"ஏங்க, அடைச்சுக்கிட்டே ஓட்டினா டீசல் எல்லாம் போயிடும். இத்தனை நாள் பாடுபட்டது வீணாயிடும். கிழிங்க!"

ஷெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "ஏங்க" என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. மெக்கானிக் கவனித்தான்.

"முடியலம்மா."

"எதுக்கு முடியல?"

"உன் சிரிப்பு மேல கோடு விழும்."

வாழ்க்கையில் அவள் கேட்ட எத்தனையோ "எதுக்கு"களுக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை. மூக்கை அடைத்தது. நல்லவேளை, அவளுக்குக் கண்ணாடியில் சிவப்பு காட்டுகிற ஏற்பாடு இல்லை. புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஸ்டோரம்மா குரலில் சொன்னாள்: "இன்ஜினை அணைச்சாச்சா?"

"அப்பவே அணைச்சுட்டேன்."

"டீக்கடையில வெந்நீர் வாங்குங்க. துணியை நனைச்சுப் படத்து மேல போட்டு ஊற வைங்க. ஓரத்துலேருந்து மெதுவா உரிங்க. இது ஆபீஸ் பசைதான், விட்டுக்கொடுத்துடும். அவசரப்படாதீங்க, போட்டி டீசலுக்குத்தான், நேரத்துக்கு இல்ல."

அவன் வண்டிதான் எல்லா வண்டிக்கும் கடைசியாக ஷெட்டுக்குள் வந்தது. முன்னால் தும்மல் சத்தம், பின்னால் வண்டி. முதலாளியம்மா டீசல் பம்பில் தானே நின்று அளந்து பார்த்தார். இன்னொரு முறையும் அளக்கச் சொன்னார். பிறகு ஸ்டோர் ஜன்னலைப் பார்த்து, "சிபாரிசுக்கு வேலையே இல்லாமப் போச்சு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வெளிச்சம் மங்குவதற்குள் அவன் வீட்டில் இருந்தான். புதுத் தட்டில் முதன்முதலாகச் சோறு விழுந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எதிர்ச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. வெந்நீர் பட்டு ஓரமெல்லாம் சுருங்கி, ஊர்ப்புழுதி எல்லாம் அதன்மேல் படிந்து கிடந்தாலும், அவள் சிரிப்பில் ஒரு கோடுகூட விழவில்லை.

கை கழுவி வந்த தும்மலுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு படத்தைத் துடைக்கப் போனான்.

"ஏங்க, கையை எடுங்க" என்றாள் அவள், தட்டைவிட்டு எழாமலே. "இன்னும் சிவப்பு வரல."