வான்ஸ்டெட் பிளாட்ஸில் வானம்பாடி: புதுவீட்டுக் கட்டணம் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு காலைப் பயணம்

லண்டனுக்குள்ளேயே ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இதுவரை எழுதியவை நானாகத் தேடிப் போன இடங்கள். இந்த இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது ஒருவர் பிடித்த சண்டை. அதற்காக அவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். அப்படி ஒரு காலை அது!

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுவோருக்குப் படம் வரைந்து, உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். ஜெகன் அண்ணை அப்படி வந்தவர்தான். அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு தளம் எழுப்பி இரண்டு பிளாட் கட்ட வேண்டும் என்பது அவரும் மனைவி ராஜி அக்காவும் பல வருடமாகப் போட்ட திட்டம். ஒன்று மகளுக்கு, மற்றது வாடகைக்கு.

இந்தப் பகுதியில் புதிதாக ஒரு வீடு கட்டினால், மற்றச் செலவுகளோடு காட்டுயிர் வாழிடத்துக்கென்றும் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். காரணம் எளிது. வீடு கூடினால் ஆட்கள் கூடுவார்கள், நாய்கள் கூடும், எல்லோரும் உலாவப் போவது பக்கத்தில் இருக்கும் காட்டுக்கும் புல்வெளிக்கும்தான். அங்கே இருக்கிற உயிர்களுக்கு வரும் கஷ்டத்தைக் குறைக்க வீடு கட்டுகிறவரே ஒரு பங்கு கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் நிர்ணயித்த அந்தத் தொகை இப்போதைய செலவுக்குப் போதவில்லை என்று சொல்லி, அதைப் புதுப்பிக்கப் போவதாகக் கவுன்சில் மே மாதத்தில் அறிவித்தது. புதுப்பிப்பது என்றால் கூட்டுவதுதான், வேறென்ன?

செய்தியை நான் போனில் சொன்னதும் அண்ணைக்குக் கோபம் ஏறிவிட்டது.

“எந்தக் குருவிக்கு, தங்கச்சி, நான் காசு கட்டுறன்? அந்தக் குருவியை எனக்கு ஒருக்கா காட்டும் பாப்பம்!”

அந்தக் கட்டணத்தின் பெயரை எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன். அது போய்ச் சேரும் மண்ணில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

“ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அண்ணை, நேரிலேயே போய்ப் பாப்பம்” என்றேன்.

அவர் கேட்டதில் அவசரமும் இருந்தது. அந்தத் தெருக் கடைக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து கட்டண உயர்வை எதிர்ப்பதாக முடிவெடுத்திருந்தார்கள். செவ்வாய் மாலை கவுன்சில் கூட்டத்தில் அவர்கள் சார்பில் மூன்று நிமிடம் பேச அண்ணையைத் தெரிவு செய்திருந்தார்கள். பேசுவதற்கு முன் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து நான் காலை ஏழேகாலுக்கு மெட்ரோபொலிட்டன் ரயில் எடுத்தேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி எலிசபெத் லைன் பிடித்து மேனர் பார்க் போனால், அங்கிருந்து வான்ஸ்டெட் பிளாட்ஸின் ஓரத்துக்கு ஐந்து, ஆறு நிமிட நடைதான். மொத்தம் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வங்கி அட்டையைத் தட்டித்தான் போனேன். ஞாயிறு என்பதால் ஒரு வழிக்கு நான்கு பவுண்டுக்குள் முடிந்தது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கோப்பியை வாங்கிக்கொள்ளுங்கள், புல்வெளி ஓரத்தில் ஞாயிறு காலையில் ஒன்றும் திறந்திருக்காது.

வீட்டு வரிசை சட்டென்று முடிந்து, அந்த வெளி விரிந்ததும் நான் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டேன். லண்டனில் இவ்வளவு வானமா! கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் புல், அங்கங்கே மஞ்சள் பூத்த முட்செடி, தூரத்தில் மாடிக் கட்டடங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக. எப்பிங் காட்டின் தென்கோடி இது. காடு என்ற சொல்லுக்கு மரங்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே புல்தான் எல்லாம்.

அண்ணையும் அக்காவும் சென்டர் ரோட் கார் பார்க்கில் காரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தார்கள். அண்ணை காலில் கடைக்குப் போகிற சப்பாத்தோடு, அக்கா கையில் ஒரு பையோடு.

“ரெண்டு மைல் தூரத்தில இருபது வருசமா இருக்கிறம், நான் இண்டைக்குத்தான் இதைப் பாக்கிறன்” என்றார் அக்கா.

“எங்கை குருவி?” என்றார் அண்ணை.

புல்வெளியின் நடுவில் ஒரு பெரிய பகுதியைச் சுற்றித் தடி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பறவைகள் நிலத்தில் கூடு கட்டும் காலம், உள்ளே போகாதீர்கள், நாயை வாரில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பலகை. அதைச் சுற்றி நடந்தோம். ஒரு காகம். இரண்டு மைனா போன்றவை. தூரத்தில் கார்ச் சத்தம். அவ்வளவுதான்.

“கயித்துக்கும் தடிக்குமே எங்கட காசு?” என்று அண்ணை கேட்டார். குரலில் வென்றுவிட்ட சந்தோஷம். செவ்வாய்ப் பேச்சு அவருக்குள்ளே தயாராகிக்கொண்டிருந்தது.

அப்போது மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் எங்கள் பக்கம் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தொலைநோக்கி.

“நீங்கள் தமிழே?”

பெயர் ஸ்டெல்லா. ஊர் மன்னார், பேசாலைப் பக்கம். நர்ஸாக வேலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தொண்டராக நின்று, வருகிற ஆட்களுக்குக் கயிற்றின் காரணத்தைச் சொல்வாராம்.

“சம்பளம் தருவினமோ?” என்றார் அண்ணை.

“இல்லை அண்ணா. ஞாயிறு நான் நிக்கிறன். மற்ற நாளில கயிறு மட்டும்தான் காவல். கட்டணம் கூடினால் கிழமை நாளுக்கும் ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போடலாமெண்டு சொல்லுகினம்.”

“என்ன குருவிக்கு இவ்வளவு காவல்?”

“வானம்பாடிக்கு.”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாட்டுப் போட்டிக்கும் குழந்தைக்கும் பத்திரிகைக்கும் பெயராக எத்தனை முறை கேட்ட சொல்! அது உண்மையான ஒரு பறவை என்பது, வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“சும்மா சொல்லாதேங்கோ பிள்ளை” என்று அண்ணை சொல்லி முடிக்கவில்லை. ஸ்டெல்லா விரலை உயர்த்தினார். “கேக்குதே?”

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கேட்டது. தலைக்கு மேலே, வானத்தின் ஏதோ ஒரு புள்ளியில் இருந்து, மூச்சு விடாமல், இடைவெளி இல்லாமல் கொட்டுகிற பாட்டு. ஒரு நிமிடம் போயிற்று, நிற்கவில்லை. இரண்டு நிமிடம், நிற்கவில்லை! தொலைநோக்கி கைமாறியது. அக்காவுக்கு அகப்பட்டது, எனக்கும் அகப்பட்டது: ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும் ஒரு சின்னப் புள்ளி. அண்ணைக்கு மட்டும் அகப்படவில்லை. “எங்கை, எங்கை” என்று கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டு சட்டென்று நின்றது. பறவை கல்லுப்போலக் கயிற்றுக்கு உள்ளே விழுந்து புல்லில் மறைந்தது. அதே நேரம் ஒரு பெரிய மண்ணிற நாய் கயிற்றுக்குக் கீழே நுழைந்து உள்ளே பாய்ந்தது. நாயின் சொந்தக்காரர் வெகு தூரத்தில், போனில் பேசியபடி.

ஸ்டெல்லா விசில் ஊதினார். நாய் திரும்பியும் பார்க்கவில்லை. மூக்கைப் புல்லுக்குள் புதைத்தபடி, பறவை விழுந்த பக்கமாகவே போனது. யார் எதிர்பார்த்தது? ஜெகன் அண்ணை அடித்த பாய்ச்சலில் ஒரு கால் கயிற்றைத் தாண்டிவிட்டது.

“உள்ளுக்கை போகாதேங்கோ அண்ணா! கூடு நிலத்தில கிடக்கு, மிதிச்சுப் போடுவீங்கள்!”

ஒற்றைக் காலை உயர்த்தியபடி அவர் அப்படியே நின்றார். கத்தத்தான் முடிந்தது. “ஏய்! ஏய்! இஞ்சை வா!” நாய்க்குத் தமிழ் விளங்கவில்லை.

காப்பாற்றியது ராஜி அக்கா. பையைத் திறந்து, எங்களுக்காகக் கொண்டுவந்த மட்டன் ரோல் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது நல்லதாய்ப் போயிற்று. கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே கயிற்றோரமாக நடந்தார். நாய் தலையைத் தூக்கியது. ஒரு கணம் யோசித்தது. பிறகு அக்காவை நோக்கி ஓட்டமாக ஓடி வந்தது! கயிற்றைத் தாண்டி வந்த மறு கணம் அண்ணை அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்துவிட்டார். ரோல் பத்திரமாகப் பைக்குள் போனது. (வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று ஸ்டெல்லா சொன்னார். நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்.)

சொந்தக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். பலகையைப் பார்க்கவில்லையாம். அண்ணை பறவையைப் பற்றி அவருக்கு விளக்கிய விதத்தைப் பார்த்தால், பிறந்ததில் இருந்து இங்கேயே காவல் நிற்பவர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால் அதன் பிறகு வெளி முழுக்க அமைதியாகிவிட்டது. பத்து நிமிடம் நின்றோம். பாட்டு இல்லை.

“கூட்டை நாய் கண்டிட்டுதோ?” அக்கா மெல்லக் கேட்டார்.

“தெரியாது அக்கா. உள்ளுக்குப் போய்ப் பாக்கவும் ஏலாது. பொறுக்கத்தான் வேணும்.”

கார் பார்க்கில் காசு கட்டிய நேரம் முடிகிறது என்று நான் நினைவூட்டினேன். “ஃபைன் வந்தால் வரட்டும்” என்றார் அண்ணை. சப்பாத்து பனியில் ஊறியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் புல்லையே பார்த்தபடி நின்றார். நானும் அக்கா தந்த ரோலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றேன். இவ்வளவு சின்ன உயிருக்காக இவ்வளவு பதற்றப்பட்டு நான் நின்றதே இல்லை.

எங்களுக்கு முன்னால், முப்பது அடி தூரம்கூட இராது, புல்லில் இருந்து அது எழும்பியது. மண்ணிறம், தலையில் சின்னக் கொண்டை. எழும்பும்போதே பாடத் தொடங்கியது. படிகளில் ஏறுவதுபோல மேலே, மேலே, இன்னும் மேலே.

“கண்டிட்டன்!” அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார். “தங்கச்சி, கண்டிட்டன்! அந்தா! உது மூச்சு எடுக்கிறேல்லையோ?” தொலைநோக்கியே அவருக்குத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பின்வரிசையில் இருந்தார்கள். அண்ணை எழுந்து, முதல் வசனத்திலேயே, கட்டணத்தைக் கூட்டுவது சரி என்று சொன்னார். பின்வரிசையில் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: தன்னைப்போல இரண்டு வீடு கட்டுகிறவனிடம் முதல் செங்கல் வைக்கும் முன்பே முழுத் தொகையையும் கேட்பது சரியில்லை, ஆள் குடிவரும்போது வாங்குங்கள். வாங்கும் காசில் கிழமை நாளுக்கு ஒரு காவலாளைப் போடுங்கள். காசு எங்கே போனது என்று அந்த இடத்திலேயே பலகையில் எழுதி வையுங்கள்.

“நீங்கள் எதிர்க்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா?” என்று தலைவர் கேட்டார்.

“இரண்டும்” என்றார் அண்ணை. சபை சிரித்தது. கடைக்காரர்கள் சிரிக்கவில்லை.

புதிய கட்டணம் நிறைவேறியது. சிறிய கட்டடங்களுக்குக் குடிவரும்போது கட்டினால் போதும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். காவலாளுக்கும் ஒப்புதல் கிடைத்தது. பலகையைப் பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பக்கத்துக் கடைக்காரர் இன்னும் அண்ணையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவருக்கு வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் விண்ணப்பத்தில் புதிய தொகையை எழுதியபோது அவர் முணுமுணுக்கவில்லை. “எழுதும்” என்று மட்டும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே நான் போடவில்லை. இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். வீடு கட்ட நினைப்பவர்கள் உங்கள் கவுன்சிலின் தளத்தில் பாருங்கள். பார்த்த பிறகு, ஒரு காலை ஒதுக்கி, அது போகும் இடத்தையும் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு வரியாக இருந்தது எனக்கு இப்போது உயிரோடு இருக்கிறது. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் காதில் அந்தப் பாட்டுக் கேட்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்ச் கடைசியில் இருந்து ஜூலை வரை நல்ல காலம். காற்றில்லாத வெயில் காலை என்றால் மிக நல்லது. ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு பந்தடிக்க வருகிற கூட்டம் கூடிவிடும். கயிற்றுக்கு வெளியே மட்டும் நடந்து போங்கள். பனிக்கு நனையாத சப்பாத்து போடுங்கள். கழிப்பறை தேடி அலையாமல் ரயில் ஏறும் முன்பே காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காது போதும்.

திரும்பும் வழியில் கிரீன் ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்க நினைத்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன். வானம்பாடி பாடும் இந்தக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முன் ஜெகன் அண்ணையின் கடைக்குப் போகாதீர்கள். பூட்டியிருக்கும்.