சாமத்தியவீட்டுக்கு நான் எழுதிய கவிதை

சனிக்கிழமைகளில் நான் ஒரு யூத ஆலயத்தின் வாசலில் காவலுக்கு நிற்கிறவன். கறுத்த சேர்ட், தோளில் வோக்கிடோக்கி, முகத்தில் ஒருவரையும் நம்பாத பார்வை. அந்தப் பார்வைக்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. இருபத்தைந்து வருடமாக ரொறொன்ரோத் தமிழ் மேடைகளைப் பார்த்தவனுக்கு அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிரசங்கம் என்றால் எனக்கு ஆகாது. கோயிலில் ஐயர் பேசினாலும், தேவாலயத்தில் சுவாமியார் பேசினாலும், மண்டபத்தில் தலைவர் தலைமையுரை என்று முக்கால் மணித்தியாலம் எடுத்தாலும் எல்லாம் ஒரே ஈரத் துணியை வேறுவேறு கயிற்றில் காயப்போடுகிற வேலைதான். இந்த ஆலயத்தின் குருவும் அதே சாதிதான் என்று நினைத்திருந்தேன். மெலிந்த மனிதர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசுகிறவர். ஓய்வுநாளில் மின்சாரக் கருவிகளைத் தொடுவதில்லை என்பதால் அவருக்கு மைக் கிடையாது. எங்கள் ஆட்களின் கையிலிருந்து மைக்கைப் பறித்தால் சீவன் போய்விடும். அதனால் அவரைக் கொஞ்சம் குறைத்து வெறுத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முந்தைய யூலை மாதம் அது. ஆவணியில் என் மகளின் சாமத்தியவீடு, அவள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சடங்கு. மார்க்கம் நகரில் மண்டபம் எடுத்தாயிற்று.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வேண்டாம் என்று அவள் ஒரேயொரு தரம்தான் சொன்னாள். அழவில்லை, கதவை அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், சோற்றுக்கோப்பையைப் பார்த்தபடி, "I don't want everybody knowing, அப்பா" என்றாள். தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. சாமத்தியவீடுகளைப் பழிப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு பிள்ளை பூசணிக்காய் உருவில் செய்த வண்டியில் வந்ததையும், இன்னொன்றைப் புகை மெசினுக்குள்ளே இறக்கி அது இருமி இருமி மேடையேறியதையும், தகப்பன்காரன் ட்ரோன் கமராவைப் பார்த்துக் கும்பிட்டதையும் நான் நடித்துக் காட்ட, மகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அப்பா இதற்குச் சம்மதிக்கமாட்டார் என்று அவள் நம்பியதில் பிழையில்லை.

அப்பா சம்மதித்தார். எப்படிச் சம்மதித்தார் என்பதுதான் அசிங்கம்.

எல்லாவற்றையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றவ விற்பி நகரிலிருக்கும் என் மைத்துனரின் மனைவி, மகளுக்கு மாமி. சடங்கில் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற உரிமை மாமிக்குத்தான். அந்த ஒரு செம்புத் தண்ணியைப் பிடித்துக்கொண்டு மனுசி எழுநூறு பேருக்குச் சாப்பாடு போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டா. என் முகம் கோணுவதைக் கண்டதும் மருந்து எது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. பெரிய திரையில் பிள்ளையின் படங்கள் ஓட, பின்னால் என் குரலில் ஒரு கவிதை போகலாமே என்றா. எழுநூறு பேர், இருட்டின மண்டபம், நடுவில் என் குரல். என் புத்தகங்களை எழுபது பேரும் வாசித்ததில்லை.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். நல்ல கவிதை என்றும் நினைத்தேன். பொறுமையில்லாமல், மண்டபம் வரைக்கும் காத்திராமல், முகநூலிலும் ஏற்றினேன். மகளின் உடம்பில் நடந்த ஒன்றை நிலா, மாதுளை, மழை என்று சோடித்து ஊருக்கு விரித்துவைத்தேன். இருதயக் குறிகள் விழ விழ, பஸ்ஸுக்குள் நின்று எண்ணினேன். அவளிடம் கேட்கவேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. புகை மெசின்காரர்களைப் பார்த்துத்தான் அதற்குப் பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கவிதையை ஏற்றிச் சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஆலயத்தில் அவர்களின் வேதத்திலிருந்து வாசித்த பகுதி, சாபம் போடக் கூலிக்குப் பிடிக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசியின் கதை. அரசன் ஒருவன் ஆளனுப்பி, வனாந்தரத்தில் வந்து தங்கியிருக்கும் யூத சனத்தைச் சபித்துத் தா என்று கேட்கிறான். போகிற வழியில் நின்ற தேவதூதனை அவன் ஏறிப்போன கழுதை காண்கிறது, தீர்க்கதரிசி காணவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கதை பிடித்துப்போனது. கூலிக்குப் பாடுகிற எங்கள் மேடைக் கவிஞர்கள் ஒவ்வொருவராக அந்தக் கழுதையில் ஏறிப் போவதைக் கண்டேன். கழுதைகளின் மேல் இரக்கமும் வந்தது.

மலையில் ஏறி அவன் கீழே பார்க்கிறான். வனாந்தரத்தில் கூடாரங்கள். சபிக்கத் திறந்த வாயிலிருந்து வாழ்த்து வருகிறது. ஏன் என்று குரு கேட்டார். அந்தக் கூடாரங்களில் ஒன்றின் வாசலும் இன்னொன்றின் வாசலைப் பார்க்காமல் போடப்பட்டிருந்தது என்று பழைய உரைகாரர்கள் சொல்கிறார்களாம். ஒருவர் வீட்டுக்குள் நடப்பது மற்றவரின் கண்ணில் விழாதபடி அந்தச் சனம் தங்கள் வாசல்களைத் திருப்பி வைத்திருந்ததாம்.

நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டில், ஒன்பதாம் மாடியில், என் கதவும் எதிர்வீட்டுக் கதவும் மூஞ்சிக்கு மூஞ்சி நிற்கின்றன. அவர்கள் என்றைக்குக் கணவாய் மீன் பொரிக்கிறார்கள், என்றைக்குச் சண்டை பிடிக்கிறார்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வனாந்தரத்தில் இடம் கிடந்தது, திருப்பினார்கள், இதிலென்ன பெருமை என்று தூணில் சாய்ந்தேன். குரு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொன்று சொன்னார். அடக்கம் என்றால் உள்ளே இருப்பவர் மூடிக்கொள்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், பாதி வேலை வெளியே நிற்பவருடையது, பார்க்க முடிந்தும் பாராமல் விடுவது, சொல்ல முடிந்தும் சொல்லாமல் விடுவது என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கவிதைக்கு இப்போது எத்தனை இருதயம் வந்திருக்கும் என்று நான் யோசித்தேன்.

எல்லாம் முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் என்னோடு நின்று கதைக்கிற ஒரு வயதான பெண்மணி உண்டு. நான் எழுதுகிறவன் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான். என்ன எழுதுகிறீர் இப்போது என்று வழக்கம்போலக் கேட்டார். ஒரு பெரிய விழாவுக்குக் கவிதை என்றேன். என்ன விழா என்றார். மகளின் விழா, அவள் பெரியவளாகிவிட்டாள் என்றேன். அவர்களின் பெண்பிள்ளைகளும் பன்னிரண்டு வயதில் ஒரு சடங்கு செய்வார்கள்தானே. அப்படியொன்று என்று நினைத்து முகம் மலர்ந்தார். இல்லை, வயதுக்காக இல்லை என்று விளங்கப்படுத்தினேன். என் ஆங்கிலத்துக்கு நாசூக்குப் போதாது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். சொல்லி, போனை எடுத்து, பட்டுப்பாவாடையில் மகள் நிற்கிற அழைப்பிதழை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி வீதியைப் பார்த்தார். ஓய்வுநாளில் போன் பார்க்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன், இன்றைக்குச் சனிக்கிழமை என்பதை மறந்துபோனேன் என்றேன்.

"சனிக்கிழமை என்பதால் இல்லை" என்றார். "திங்கட்கிழமை காட்டினாலும் பார்க்கமாட்டேன். அது அந்தப் பிள்ளையுடையது."

கோபமே இல்லாமல் சொன்னார். என் கையில் ஆதரவாகத் தட்டிவிட்டு, மெல்லப் படியிறங்கிப் போனார். நான் அந்தப் படத்தை வெய்யிலுக்குப் பிடித்தபடி நின்றேன். மகள் அதில் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் ஐம்பது தரம் பார்த்த படம்.

பஸ் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பஸ், ஒன்றரை மணித்தியாலம், போதவில்லை. பூசணிக்காய் வண்டிக்காரன் தன் பிள்ளையை ஏற்றியது வெறும் வண்டியில். நான் ஏற்றியது என் தமிழில். அவனாவது அழகு என்று நம்பிச் செய்தான். எனக்கு அது அசிங்கமென்று தெரியும், தெரிந்துகொண்டு செய்தேன், நல்ல சந்தம் போட்டுச் செய்தேன்.

வீட்டில் மனைவி மாமியோடு ஸ்பீக்கரில் நின்றா. மண்டபம் வேண்டாம், நிற்பாட்டுவம் என்றேன். மறுமுனையிலிருந்த மாமி என்னோடு பேசாமல் என் மனைவியோடு பேசினா.

"மச்சாள், அண்ணைக்கு வெய்யில் பிடிச்சிட்டுதுபோல. தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ."

மனைவி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "கவிதை எழுதேக்கை வராத ஞானம் இப்ப எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டா. பிள்ளை சொன்னபோது ஓம் என்றிருந்தால் நானும் விட்டிருப்பன், நீங்களே துள்ளிக்கொண்டு நின்றியள், இனி ஆக்களுக்கு நான் என்ன முகத்தைக் காட்டுறது என்று தொடர்ந்தா. அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

மகளின் அறைக்கதவைத் தட்டினேன். முன்பெல்லாம் தட்டுவதில்லை. நிற்பாட்டியாச்சு என்றேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேனாக்கும், வெட்கமில்லாமல்.

"It's okay, அப்பா. எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளையின்ரை அம்மா உங்கடை கவிதையை வாசிச்சுக் காட்டினவவாம். அவளவை என்னை 'மாதுளை' எண்டு கூப்பிடுறாளவை."

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று கிழமை என்றாள். மூன்று கிழமையாக இருதயங்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவளுக்கு முன்னாலேயே கவிதையை அழித்தேன். அழித்தால் போய்விடுமா என்று அவள் கேட்கவில்லை. போகாது என்று இருவருக்கும் தெரியும். மாமி வீட்டுக்கு வந்து, குளியலறையில், தாயும் மாமியும் மட்டும் நிற்கத் தண்ணி வார்த்தா. நான் வெளியே சோபாவில் இருந்தேன். போகும்போது மாமி என்னைப் பார்த்து, எழுநூறு பேரின் சாபம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் காரேறினா. அதன்பிறகு ஒரு வருடம் விற்பியிலிருந்து எங்களுக்கு அழைப்பில்லை. மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். தமிழ் படிக்காமல் விட்டால் என் கவிதையை அவளால் இனி வாசிக்க முடியாது என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். நான் படவில்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து. இதை எழுதலாமா என்று கேட்டேன். ஒரு கிழமை யோசித்தாள். எழுதுங்கோ, ஆனால் எனக்கு வாசிச்சுக் காட்டவேணும் என்றாள். சமையலறை மேசையில் இருந்து வாசித்தேன். மூன்று இடத்தில் கையைத் தூக்கி, இது வேண்டாம் என்றாள். முதலாவது, அந்த நாள் வீட்டில் நடந்தது. இரண்டாவது, அவளுடைய ஒரு சிநேகிதி பற்றியது. மூன்றாவது இடம் நான் எழுதியவற்றிலேயே ஆக நல்ல பந்தி. அதை ஏன் வெட்டவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. பேனையை எடுத்துக் கோடு போட்டேன். சரியாகப் போட்டேனா என்று அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.