கழற்றத் தெரியாத மெசின்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எட்வேர்ட் முதலில் பார்த்தது எங்கள் வீட்டுத் தையல் மெசினைத்தான். அதைச் சரித்து, அடியில் பொறித்திருந்த இலக்கத்தை வாய்விட்டு வாசித்தார். என் முகத்தை எப்போது பார்த்தாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய தாய் இராசம்மா, என் மாமி, தலையில் கைவைத்தபடி, "குறை நினையாதை மியூரியல், உவன் சின்னனிலையிருந்தே உப்பிடித்தான்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே நான் சம்மதித்தேன். மாமி நல்ல மனுஷி.

எழுபத்தெட்டில் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதும், கொழும்புக் கொம்பனி ஒன்று இவரை யாழ்ப்பாணத்து ஏஜென்ற் ஆக்கியது. மின்சாரத்தில் திருகாணி முடுக்கும் கைமெசின்களை விற்பதுதான் வேலை. கராச், தளபாடக் கடை, பஸ்ஸுக்குப் பொடி, அதாவது மேற்கூடு, கட்டும் இடம் என்று ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுவார்.

"மெசினிலை கிடக்கிற எண் பெரிசெண்டால் பெலமும் பெரிசுதானே?" என்று இணுவிலில் கேட்பார்களாம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினை அவர்கள் அப்படித்தான் வாங்கிப் பழகியிருந்தார்கள். இவருக்கு அது போதும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பாடம் தொடங்கிவிடுவார்.

"எஸ் 6 230 ஆர். எஸ் எண்டால் திருகாணிக்கு உரியது. ஆறு, ஆணியின்ரை தடிப்பு. இருநூற்று முப்பது எங்கடை கறன்ற், அது பெலமில்லை. கடைசியிலை ஆர் எண்ட எழுத்து இருந்தால்தான் முடுக்கினதைக் கழட்டவும் செய்யும்."

வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் இதே பாடம். "இனி நானே போய் விப்பன் போலை கிடக்கு" என்று மாமி சிரிப்பார். சில நேரம் சிரிப்பு நின்றுவிடும். "நான் கண்ணை மூடேக்கை நீ எந்தக் கராச்சிலை நிக்கிறியோ! என்ரை முகத்தைப் பார்க்க வருவியோ?"

"எங்கை நிண்டாலும் வந்திடுவன் அம்மா" என்பார் இவர். மாமி நம்பியதாகக் காட்டிக்கொள்வார்.

இவ்வளவு பாடம் நடத்தியவர் கொம்பனிக்கு எழுதிய முதல் ஓடரிலேயே சறுக்கினார். பஸ் பொடி கட்டும் கனகரத்தினம் வாங்கிய மெசின் ஒரு காலையில் திரும்பி வந்தது. "தம்பி, உது முடுக்கிற முடுக்கு நல்லாயிருக்கு. பிழையாய்ப் பூட்டின சீற்றைக் கழட்டச் சொன்னால் முழுசுது. கையாலை கழட்டப் போனால் ஆணித் தலையெல்லாம் தேயுது" என்றார். இவர் மெசினைத் திருப்பிப் பார்த்தார். எஸ் 6 230. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கதையளக்கிற அவசரத்தில் ஓடரில் கடைசி எழுத்தை எழுத மறந்தது இவரேதான். நானும் மாமியும் ஒரு கிழமைக்குச் சிரித்தோம்.

கழற்றத் தெரியாத மெசினை யார் வாங்குவார்கள்? வாங்கினார் ஓர் ஆள். குருநகரில் சவப்பெட்டி செய்யும் இன்னாசித்தம்பி.

"உள்ளதைச் சொல்லிப்போடுறன் அண்ணை, உது திறக்காது" என்றார் இவர்.

"நான் பூட்டிற பெட்டியை எவனப்பா திறக்கப்போறான்? கொண்டா!"

அன்று தொடங்கியது கூத்து. செத்தவீட்டுக்குள் வந்ததும் இன்னாசியண்ணை முதலில் தேடுவது மின்சாரப் பிளக்கைத்தான். செபம் முடிந்ததும் மெசின் 'ர்ர்ர்' என்று பாடும், கண் மூடித் திறப்பதற்குள் பெட்டியின் மூடி இறுகிவிடும். எங்கள் சனத்தைக் கேட்கவா வேண்டும்! மெசினால் பூட்டாத பெட்டி ஒரு பெட்டியா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் கறன்ற் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு யன்னலால் வயர் இழுத்தார்கள்.

மாமி பங்குனி வெயிலில், ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார். இவர் அப்போது மெசின் விற்கத் திருகோணமலைக்குப் போயிருந்தார். தந்தி அடித்தோம். மறுநாள் பின்னேரமாகியும் ஆளைக் காணவில்லை. இனி வைத்திருக்க ஏலாது என்று போதகர் மெல்லச் சொன்னார். எனக்கும் தெரிந்தது. கடைசிச் செபமும் முடிந்தது.

இன்னாசியண்ணை வெறுங்கையோடு வந்திருந்தார். இடுப்பிலிருந்து மரப்பிடி போட்ட பழைய திருப்புளியை எடுத்து, ஆறுதலாக ஆணிகளைத் திருகினார். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரெல்லாம் மெசின் பாடுது. எங்கடை மாமிக்கு மட்டும் கையாலையோ அண்ணை?"

"இண்டைக்குக் கை போதும் பிள்ளை" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

ஆட்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது படலை திறந்தது. எட்வேர்ட். வழியில் பஸ் உடைந்து, லொறியில் ஏறி வந்திருந்தார். தலையெல்லாம் புழுதி. மூடியிருந்த பெட்டியைக் கண்டதும் வாசற்படியிலேயே இருந்துவிட்டார். நான் பக்கத்தில் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"நான்தானே வித்தனான் மியூரியல்" என்றார். "அது திறக்காது."

இன்னாசியண்ணை பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு முதல் ஆணியைத் திருப்பினார். அது இலேசாகக் கழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்றையுமே அவர் இறுக்கியிருக்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மெசின் வீட்டிலை கிடக்குது தம்பி. திறக்காதெண்டு நீ சொல்லித்தானே தந்தனீ" என்றார். "நீ வந்து சேருமுன்னம் நான் அதை இஞ்சை கொண்டு வருவனோ?"

மூடியைத் தூக்கி ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார். எட்வேர்ட் எழுந்து வந்து குனிந்து, மாமியின் நெற்றியில் கைவைத்தார்.

"வந்திட்டன் அம்மா" என்றார்.