தொண்ணூத்தி ரெண்டு, எந்தக் கணக்கில்?

இது நடந்தது. இல்லை என்பவர்கள் கார்த்திகை மஞ்சுக்குள் கொடைக்கானலில் ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

1962. கொடைக்கானல் நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு சின்ன வானிலைக் கூடம். தமயந்தி அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கவுஞ்சியில் பூண்டு போடுகிற குடும்பம். அவள்தான் முதல் பட்டதாரி. அதிகாரி சேனாதிபதிக்கு அதுவே பொறுக்கவில்லை.

"இன்ச்சு தெரியாத பிள்ளையெல்லாம் காத்தழுத்தம் பாக்க வந்துட்டுதுக."

"உங்க இன்ச்சை அரசாங்கமே தூக்கிப் போட்டாச்சு சார். காத்தழுத்தத்தை அளக்க இப்ப மில்லிபார்தான்."

"பட்டம் வாய்க்குத்தான் குடுத்திருக்கான் போல."

அன்று கடலில் புயல். சேனாதிபதி வெள்ளனே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பேச ஆளில்லை. சன்னலுக்கு வெளியே மரங்கள்கூட இல்லை, வெறும் வெள்ளை. உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியது தமயந்திக்கு.

ஐந்தே முக்காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"கொடைக்கானல்... அழுத்தம் சொல்லுங்க. மலையைத் தாண்டணும்."

தமிழ்! விமானக்காரர்கள் தமிழில் பேசி அவள் கேட்டதே இல்லை. வெளியே, மஞ்சுக்குள், எஞ்சின் உறுமியது. ரொம்பத் தாழ்வாக...

கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். 992 மில்லிபார். வழக்கப்படி கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொன்னாள். "தொண்ணூத்தி ரெண்டு."

"தொண்ணூத்தி ரெண்டு. இருபத்தொம்பது இன்ச்சுக்கு மேல தொண்ணூத்தி ரெண்டு... வச்சுட்டேன்."

அவள் சொன்னது அதுவல்ல; உண்மை அழுத்தம் அதைவிடக் குறைவு. 29.92 இன்ச் என்று வைத்தால், காற்றழுத்தத்தை வைத்து விமானத்தின் உயரம் காட்டும் கருவி அறுநூறு அடி கூட்டிக் காட்டும். மலைக்கு மேலே பறப்பதாக நினைத்துக்கொண்டு நேரே மலையில் வந்து மோதுவான்.

"இன்ச்சு இல்லைங்க! மில்லிபார்! பொறுங்க!"

"வெரசாச் சொல்லுங்க..."

பென்சிலை எடுத்தாள். ஒரு இன்ச்சுக்கு 33.864 மில்லிபார்; 992-ஐ அதால் வகுத்தாள்.

"இருபத்தொம்பது புள்ளி ரெண்டு ஒம்பது! கேக்குதா? ரெண்டு... ஒம்பது!"



சத்தம் கூரைக்கு மேலே. கண்ணாடி அதிர்ந்தது.

"கேட்டுச்சும்மா... போன தடவை யாரும் சொல்லல."

அப்போதுதான் உறைத்தது.

வயர்லெஸ்ஸில் வந்த அந்தக் குரலுக்குப் பின்னால்... எஞ்சின் சத்தமே இல்லை.

வெளியே உறுமல் மேலேறியது. தேய்ந்தது.

மறுநாள் சேனாதிபதி சிரித்தார். "நேத்துப் புயலுக்கு ஒரு விமானமும் கிளம்பலையேம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அத்தை கந்தம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அஞ்சு வருசம் முன்னால நம்ம பாறையில ஏரோப்பிளேன் மோதி அம்புட்டுப் பேரும் செத்தாகள்ல? நீ அப்ப ஆஸ்டல்ல கெடந்தே. வருசா வருசம் அதே நாளு அந்தச் சத்தம் வரும்டி. பாறை முட்ட வந்து, டக்குனு நின்னுரும். இந்த வருசம், அந்தப் புயலன்னிக்கு, நிக்கல. தாண்டிப் போயிருச்சு."

"நீ பாத்தியா அத்தை?"

"பாத்தேன். சன்னல் பூராம் வெளக்கு..."

கந்தம்மாள் குரல் இறங்கியது.

"ஒரு சன்னல்லயும் ஆளு இல்ல."