காய்ச்சல் என்று எழுதப்பட்ட என் அக்கா

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் எழுத்துவேலை பார்த்தேன். கிராமத்துப் பெண்கள் பிரசவத்தில் எத்தனை பேர் சாகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று அந்த அம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நிரூபித்துவிட்டால் செம்பட்டிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கேட்கலாம் என்று அவருக்கு ஆசை. ஆதாரம்? ஊர் ஊராக மணியக்காரர்கள் சர்க்காருக்கு எழுதிவந்த சாவுக் கணக்கு. அதை நகல் எடுத்து வருவது என் பாடு.

நல்ல கணக்கு போங்கள்! யாரைப் பார்த்தாலும் காய்ச்சல். கிணற்றில் விழுந்தவனுக்கும் காய்ச்சல். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண்ணா, அவளுக்கும் காய்ச்சல். நான் கொண்டுவரும் தாள்களைப் பார்த்து டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒரு கிராமத்துக்கு மட்டும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. எங்களுக்கு அம்மா இல்லாததால் அவளுக்குத் தலைப்பிரசவமே புருஷன் வீட்டில்தான். நாலு வருஷம் முன்பு, வண்டி கட்டுவதற்குள் பிள்ளை வயிற்றிலிருக்கவே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளாவது அந்தக் கணக்கில் உள்ளபடி இருப்பாள் என்று நம்பினேன்.

மணியக்காரர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். காய்ச்சல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அய்யா, எழவுக்கு நீங்களும்தான வந்தீக? வயித்துப் பிள்ளையோட போனது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அப்பு. ஒங்க மச்சான்தான் இப்படி எழுதச் சொன்னாரு. மறுதாரம் பாக்கணும்ல? பிரசவத்துல ஒருத்திய வாரிக்குடுத்த வீடுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? அதான் சுமைதாங்கியும் வைக்கல."

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளின் பாரம் இறங்கட்டும் என்று வழியோரம் சுமைதாங்கிக் கல் நாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கல்லைக்கூட அவளுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், பாவிகள். மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். கணக்கு தாலுகாவுக்குப் போய்விட்டது, இனி யாராலும் ஆகாது என்றார். நான் அவர் எழுதியிருந்ததையே நகல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே ஆத்திரத்தோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் இருந்தார். புதுப் பெண்டாட்டி மோர் கொண்டுவந்தாள். நெய்க்காரப்பட்டிப் பக்கத்துப் பெண். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் நிறைமாசமாக இன்னொன்று. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, காலெல்லாம் வீக்கம்.

"ஏனுங்கண்ணா, அக்காளுக்கு என்னங்க ஆச்சு? இங்க கேட்டா ஆரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க."

"பிரசவத்துலதாம்மா போனா. இந்தக் கால் வீக்கம் நல்லதில்ல. இன்னைக்கே கெளம்பு, டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிப் போறேன்."

அக்காவின் மாமியார் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "நெறமாசக்காரிகிட்டப் பேசுற பேச்சாலே இது? மணியக்காரரு வீட்டுலருந்துதான வார? சர்க்காரு கணக்குல என்ன எழுதியிருக்கு? எடுத்துக் காட்டுலே அவகிட்ட!"

அது பொய் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் என் கையிலிருந்த தாளை வாங்கினாள். அக்காவின் பெயரைத் தேடி, என் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் முகம் தெளிந்தது.

"காய்ச்சல்தானுங்களா? நான் பயந்தே போயிட்டனுங்க" என்று சிரித்தாள்.