மாமாவின் கண்ணாடித் தொட்டியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

மீன் வளர்ப்பில் எனக்குத் துளியும் ஆசை இருந்ததில்லை. சட்டிக்குள் வரவேண்டியதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பானேன் என்று நினைக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னை எண்பத்தாறாம் ஆண்டில் பாதிக்கு மேல் ஒரு மீன்தொட்டிக்கு முன்னால் குந்தவைத்தது பாசி.

தொட்டி என் மனைவியின் தகப்பனாருடையது. மாமா வல்வெட்டித்துறைக்காரர். மீசை அரும்பிய வயதில் கப்பலுக்குப் போய், மயிர் நரைத்த பிறகுதான் கரையேறினார். மற்றவர்கள் ரேடியோவும் துணிமணியும் கொண்டுவந்து இறக்க, இவர் கொண்டுவந்தது தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் ஒன்று. வீட்டு விறாந்தையில் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்தண்ணீர் நிரப்பி, கல்லும் மணலும் போட்டு மீன் விட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் கடல். பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு நினைத்த நேரம் புதிதாக அள்ளிக்கொண்டு வருவார். அங்கே பாசி என்ற பேச்சே இருக்கவில்லை.

பிறகு கரையில் இருக்கமுடியாமல் போயிற்று. கடலில் நின்ற பீரங்கிப் படகுகள் அடிக்கத் தொடங்க, சனம் உள்ளே நகர்ந்தது. மாமி காலமாகி மாமா தனியாள். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தோம். உடுப்பு ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. தொட்டியை ஏற்றிவரத்தான் உழவு மெஷினும், அடியில் போட வைக்கோலும், பிடிக்க ஆட்களும் தேவைப்பட்டன. வந்துசேர்ந்த மீன்களில் பிழைத்தது ஒன்றே ஒன்று. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட, சுண்டுவிரல் நீளமுள்ள மீன். கரைவலையில் அகப்பட்டு வந்த அதை மாமிதான் தன் கையால் எடுத்துத் தொட்டியில் விட்டவராம். மாமா அதைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். “வீட்டை திரும்பிப் போகேக்கை உவனையும் கொண்டுபோகவேணும் தம்பி,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மீன் உயிரோடு இருப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

வந்த அன்று என் அம்மா அவருக்குக் கிணற்றில் அள்ளித் தண்ணீர் கொடுத்தார். மாமா செம்பை அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, “உங்கடை தண்ணிக்கு ஈடில்லை, தங்கச்சி,” என்றார். கரையில் அவர்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும். எங்களுடையதோ வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு. தேத்தண்ணிக்கென்று அயலட்டையெல்லாம் வாளியோடு வந்து அள்ளும். ஐயா வெட்டிய கிணறு என்பதால் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கரியரில் பிளாஸ்டிக் கலனைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்க் கடல்தண்ணீர் எடுத்து வருவேன். அதுவும் நிலைமையைப் பொறுத்துத்தான். இடையில் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் குறையும். “ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் தம்பி. உப்பு உதுக்குள்ளையே நிக்கும். குறைஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் விடவேணும்,” என்று மாமா சொல்லியிருந்தார். நல்ல தண்ணீருக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? காலையில் சாமிக்குப் பூ வைத்த கையோடு அம்மாவே ஒரு செம்பு அள்ளி வந்து தொட்டியில் ஊற்றிவிடுவார். “எங்கடை தண்ணிக்கு உது கொழுக்கும் பாருங்கோ அண்ணை,” என்பார்.

கொழுத்தது பாசிதான்.

முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசி மாதிரி ஏதோ படிந்தது. துடைத்தேன். கொஞ்ச நாளில் அது தடித்தது. தேய்த்தேன். பிறகு கல்லிலிருந்து மயிர் மாதிரி நீளநீளமாகக் கிளம்பி, காற்றுக் குமிழியோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. பழைய பல் பிரஷ், சவரம் எடுத்த பிளேட், தேங்காய்த் தும்பு என்று கையில் கிடைத்ததெல்லாம் கொண்டு சுரண்டினேன். நான் தோட்டக்காரன் மகன். களை என்றால் வேரோடு பிடுங்கவேண்டும் என்று தெரியும். இந்தச் சனியனுக்கு வேரும் இல்லை, ஒன்றும் இல்லை. சுரண்டினால் தண்ணீர் கலங்கும், தெளிகிறபோது முன்னையதைவிட அதிகமாக நிற்கும்.

மாமா கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு இருப்பார். கண்ணாடியில் ஒரு பக்கம் சுத்தமாகிவிட்டால் அந்தப் பக்கத்துக்குக் கதிரையை நகர்த்துவார். “அந்தா, நிக்கிறான்,” என்பார். அது போதும் அவருக்கு.

வெளிச்சத்துக்குத்தான் பாசி வளர்கிறது என்று யன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். அறை இருண்டது. பாசி கொஞ்சம் மங்கியது, ஆனால் மாமாவுக்கு மீனைத் தெரியவில்லை. கதிரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அடுத்த நாள் நானே சாக்கைக் கழற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போகிறவர்களுடைய வைத்தியம் வேறு. ஒருவர் மஞ்சள் போடச் சொன்னார், இன்னொருவர் படிகாரம் என்றார், வேப்பிலை என்றார் மற்றவர். அம்மா மஞ்சளை உரைத்தே கொண்டுவந்துவிட்டார். “ரசம் வைக்கவோ போறியள்?” என்று கத்திவிட்டேன். அம்மா கோபித்துக்கொண்டு அன்று என்னோடு கதைக்கவில்லை. ஆனால் தொட்டிக்கு நல்ல தண்ணீர் விட மறக்கவில்லை.

இப்படியே இருக்க, வெயில் காலம் உச்சத்துக்கு வந்தது. கரைப் பக்கம் போவது அநேகமாக நின்றுவிட்டது. யன்னலுக்குக் கீழே இரண்டு கலன்கள் கிடந்தன. ஒன்றில் கடைசியாக எடுத்துவந்த வெறும் கடல்தண்ணீர். மற்றதில் கடல்தண்ணீர் முடிந்துபோகாமல் இருக்க என் மனைவி பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் கலந்து வைத்திருந்தாள். ஒரே வெயில், ஒரே மாதிரிக் கலன். ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். வெறும் கடல்தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. கலந்தது பச்சைப்பசேல்.

இரண்டு கலனையும் மூடினேன். பிறகு தோட்டத்துக்குப் போனேன். வெங்காயத்துக்கு யூரியா போட்டு இறைத்திருந்தோம். வாய்க்கால் ஓரமெல்லாம் அதே பச்சை, அதே வழுவழுப்பு. நான் சிறுவயதிலிருந்து வழுக்கி விழுகிற வாய்க்கால் அது. பாத்தியில் போடுகிற உரம் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. கீழே கிணறு இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு இத்தனை காலமும் ஓடவில்லை. கடலுக்குக் காவல் போட்டவர்களையும் வெயிலையும் சுற்றியிருந்த எல்லாரையும் திட்டிக்கொண்டு இருந்தேனே, பாசிக்குச் செம்பு செம்பாகச் சாப்பாடு ஊட்டியது நாங்கள்தான்.

மனைவியைக் கூப்பிட்டு இரண்டு கலன்களையும் காட்டிச் சொன்னேன். அவள் பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தாள்.

“அப்ப நாங்கள் எதைக் குடிக்கிறது?” என்றாள்.

சுற்றிவர எல்லார் கிணறும் தோட்டத்துக்கு நடுவில்தான். மழைக்கு மாதக்கணக்கு இருந்தது. யூரியாவை நிறுத்தினால் வெங்காயம் இல்லை, வெங்காயம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பும் இல்லை. “உங்கடை அம்மாவிட்டைச் சொல்லாதேங்கோ. என்ரை ஐயாவிட்டையும் வேண்டாம்,” என்றாள் அவள். சொல்லி மட்டும் என்ன செய்வது?

தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதை மட்டும் ஏதோ சாட்டுச் சொல்லி நிறுத்தினேன். மிஞ்சிய கடல்தண்ணீரை விட்டேன், அதுவும் முடிந்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கி உப்பு ஏறியது. பாசி அசையவே இல்லை. தின்றது போதும் என்கிற மாதிரிக் கல்லை மூடிக்கொண்டு கிடந்தது. மீனின் மஞ்சள் வெளிறிப்போயிற்று.

பிறகு ஒருநாள் விடிய முதலே கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கை ஓய்ந்தபோது நான் கலக்கினேன். பிறகு என் மனைவி. மத்தியானம் ஆகியும் கரண்ட் வரவில்லை. விரலிடுக்கெல்லாம் பாசி சுற்றியிருக்க, மாமா கையை வெளியே எடுத்தார்.

“கொண்டுபோய்க் கடலிலை விட்டிடும் தம்பி. அவனாவது போகட்டும்.”

வீட்டுக்குத் திரும்புகிறபோது கொண்டுபோகவேண்டும் என்றவர் சொன்னது இது. மீனைத் தொட்டித் தண்ணீரோடு கலனில் விட்டு, கரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு முழங்கால் வருத்தம், சைக்கிளில் ஏறமாட்டார். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதி வழிகூடப் போகவில்லை. எதிரே சனம் சைக்கிளும் மூட்டையுமாக வந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒருவர் என் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினார். “அங்காலை போகாதேங்கோ மாஸ்டர். அடிக்கிறாங்கள்.” தூரத்தில் பீரங்கிச் சத்தம் எனக்கும் கேட்டது. கலனைக் காட்டி, ஒரு மீனைக் கடலில் விடவேண்டும் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. இந்த நேரத்தில் மீனா என்று அவர் கேட்டிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். சைக்கிளைத் திருப்பினேன்.

மாமா, நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றார். கலனின் மூடியை அவரே திறந்தார். மீன் ஒருக்களித்து மிதந்தது. விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கி மூடிவிட்டு, மெல்ல நடந்துபோய்க் கதிரையில் இருந்தார். தொட்டியில் பச்சையைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, “தண்ணி கொஞ்சம் தாரும் தம்பி,” என்றார்.

கிணற்றடிக்குப் போய் அள்ளினேன். செம்பில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்து, பாதியில் நிறுத்தி மூச்சு விட்டார்.

“என்ன இருந்தாலும் உங்கடை தண்ணிக்கு ஈடில்லை,” என்றார்.

செம்பை வாங்கினேன். எனக்கும் வெயிலில் ஓடிவந்த தாகம். மிச்சத்தை நான் குடித்தேன்.