பச்சைப் பற்றரி தீராத வீடு

வெள்ளவத்தையில் ஆளில்லாத ஃப்ளாட்டுகளை ஆளிருக்கிற வீடுபோலக் காட்டுவதுதான் அஸீஸாவின் தொழில். புருஷன் மௌத்தான பிறகு, தெரிந்த ரீச்சர் ஒருத்தி வெளிநாடு போகும்போது நம்பிக் கொடுத்த ஒரேயொரு வீட்டுத் திறப்போடு தொடங்கியது. இப்போது கைப்பைக்குள் ஒரு கொத்தே கிடக்கிறது. தெமட்டகொடையிலிருந்து பஸ் ஏறி வருவாள். குழாய்களைத் திறந்து துருத்தண்ணீரை ஓடவிடுவாள். உப்புக்காற்றில் பிசுபிசுத்த யன்னல்களைத் துடைப்பாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை இடம் மாற்றி வைப்பாள். பல்கனிக் கொடியில் ஓர் ஆம்பிளைச் சட்டையை நனைத்துப் போடுவாள்.

வீடு சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் யாராவது புகுந்துவிடுவார்கள். புகுந்தவரை எழுப்ப வழக்காடியே ஆயுள் போய்விடும். அப்படி ஒரு வீடு பறிபோனால், மற்ற எல்லாரும் அவளிடம் திறப்பைத் திருப்பிக் கேட்பார்கள்.

நாலாம் மாடியில் தியாகராசாவின் ஃப்ளாட். அவர் இறந்த பிறகு, மெல்பேர்னில் இருக்கும் மகள் துஷாந்தினி மெயின் சுவிட்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டாள். "அப்பாட அறையை மட்டும் திறக்காதேங்கோ அன்ரி. மார்கழியில நான் வந்துதான் திறக்கோணும்" என்றாள். வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்பதற்கும் அவளே வழி சொன்னாள். அப்பா அவளுக்கென்று பேசிப் பதிந்து, அனுப்பாமலே விட்ட கசற் ஒன்று இருந்தது. மீன் விலை, லிஃப்ட் பழுது, முழங்கால் நோவு என்று சாவகாசமாகக் கதைக்கிற குரல். பழைய கசற் றேடியோவில் போட்டால், ஒரு பக்கம் முடிந்ததும் தானாக மறுபக்கம் ஓடும்.

கரண்ட் இல்லாத வீட்டுக்குப் பற்றரிதான் கதி. கொட்டாஞ்சேனையில் ஷிஹானின் கடைக்குப் போய், திரும்பச் சார்ஜ் பண்ணுகிற பற்றரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ராத்தா, பற்றரி வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளைய எண்டா இவ்வளவு பாக்க மாட்டேன். எது கூட நேரம் ஓடும்?"

"வெள்ளை ஜப்பான் சாமான். பச்சைக்கு மேல பெரிய நம்பர் போட்டிரிக்கி, அதை நம்பாதீங்க."

இரண்டிலும் வாங்கினாள். ஹெவ்லொக் டவுன் வீடொன்றில் றேடியோவுக்குப் பச்சையைப் போட்டாள். தியாகராசா வீட்டுக்கு வெள்ளை. வெள்ளை நன்றாகவே ஓடியது. அடுத்த முறை வெள்ளை சார்ஜில் கிடந்ததால் தியாகராசா வீட்டுக்கும் பச்சையே போனது. திங்கட்கிழமை போட்டாள். வியாழக்கிழமை இரும்புக் கதவின் பூட்டைத் திறக்கும்போதே உள்ளே குரல் கணீரென்று கேட்டது. பச்சை இத்தனை நல்லதா என்று மகிழ்ந்து, எல்லா வீட்டுக்கும் அதையே வாங்கிப் போட்டாள். மற்ற வீடுகளில் பகல் சாப்பாட்டுக்கு முன்னமே றேடியோ செத்துப்போனது. தியாகராசா மட்டும் வாரக்கணக்கில் களைக்காமல் கதைத்தார்.

பற்றரிகளை மாற்றிப்பார்த்தாள். மற்ற வீடுகளில் செத்த அதே பச்சைகளைச் சார்ஜ் பண்ணி, நகப்பூச்சால் அடையாளம் வைத்து இங்கே போட்டாள். அவையும் ஓடின. அடையாளம் அப்படியே இருந்தது.

ஷிஹானிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "கசற் சுத்துற மோட்டர் றேடியோவை விடக் கூடக் குடிக்கும், ராத்தா. பச்சை அத்தனை நாள் நிக்கிறதெண்டா ஒண்டுதான். அது ஓடவே இல்ல."

பஸ்ஸில் இருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. லிஃப்டிலிருந்து இறங்கி நடக்கும்போது அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. இரும்புக் கதவின் பூட்டு கடகடத்த பிறகுதான் தியாகராசா பேசத் தொடங்குவார்.

அன்றும் வியாழக்கிழமை. நல்ல வெயில். வழக்கம்போலத் திறந்து, சலாம் சொல்லி நுழைந்தாள். "முழங்கால் இண்டைக்குக் கொஞ்சம் சுகம், பிள்ளை" என்றது றேடியோ. குழாயைத் திறந்தாள். துரு இல்லாமல் தெளிந்த தண்ணீர் வந்தது. மூடிக்கிடந்த தியாகராசாவின் அறைப் பக்கம் அவள் திரும்பவில்லை. வாசலின் மரக்கதவையும் இரும்புக் கதவையும் பூட்டி, லிஃப்டை வெறுமனே கீழே அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

தியாகராசா பாரை மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லில் டக்கென்று நின்றார். உள்ளே ஒரு கதிரை இழுபட்டது.

பேசாமல் வீட்டுக்குப் போகலாம் என்று அஸீஸா நினைத்தாள். மார்கழியில் துஷாந்தினியே வந்து கண்டுபிடிக்கட்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கையை விரிக்கலாம். ஆனால் மார்கழிக்குள், உள்ளே குடியிருக்கிற ஆள் வீட்டுக்காரனாகிவிடுவான். அவள் ஃபோனை எடுத்தாள்.

"மகள், நான் அஸீஸா..."

அவள் குரல் கேட்டதுமே உள்ளே தியாகராசா மறுபடி பேசத் தொடங்கினார்.

"அப்பாட குரல் இங்க வரைக்கும் கேக்குது," என்றாள் துஷாந்தினி. "நீங்கள் இருக்கிறபடியால்தான் அன்ரி நான் நிம்மதியா இருக்கிறன்."

"கேளுங்க மகள். நான் வெளியில நிக்கிறேன். கதவு பூட்டி இரிக்கி. இப்ப கசற்றைப் போட்டது நான் இல்ல."

துஷாந்தினி குரலைத் தணித்தாள்: "திறப்பு உங்களிட்ட மட்டும்தானே அன்ரி இருக்கு?"

"ஓம் மகள். எனக்குத் தெரிய என்னிட்ட மட்டும்தான். என்னில சந்தேகம் எண்டா பிறகு கேளுங்க. இப்ப பொலிஸுக்குச் சொல்லப் போறேன்."

உள்ளே யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். மீன் விலை நடைபாதை முழுக்க முழங்கியது. அஸீஸா கைப்பைக்குள் துழாவி, வேறொரு வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய பூட்டை எடுத்தாள். அந்த ஆள் வெளியே ஓடிவிடாதபடி, இரும்புக் கதவில் இரண்டாவதாக மாட்டி அழுத்தினாள்.

பூட்டு விழுந்ததும் குரல் நின்றது. வெறுங்கால் அடிகள் கூடத்தைக் கடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேரெதிரே நின்றன.